சுதந்திரமும் விசுவாசமும்: கூடைப்பந்தாட்ட வீரரின் கழகத் தெரிவை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

தனக்குரிய உரிமையைப் பயன்படுத்தும் ஒருவன், அதைப் பயன்படுத்தியமைக்காகவே துரோகி எனப் பழிக்கப்படுதல் நியாயமாகுமா? உரிமையும் கடமையும் முரண்படும் இடங்கள் மனித வாழ்விற் பல. அரசியலிலும் குடும்பத்திலும் அவை தோன்றும்போது அறிஞர் அவற்றை ஆழ்ந்து ஆராய்வர். விளையாட்டரங்கில் அதே முரண்பாடு தோன்றுமிடத்து, அது சிந்தனைக்குரிய பொருளன்று என ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆயினும், இலட்சக்கணக்கான மக்கள் அன்பையும் வெறுப்பையும் ஒளிவுமறைவின்றி வெளிப்படுத்தும் களம் அது. ஆதலின், விசுவாசம் என்ற சொல்லுக்கு மக்கள் கொடுக்கும் பொருள் யாது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம்.

2010ஆம் ஆண்டு யூலை 8ஆம் திகதி நிகழ்ந்ததை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். லெப்ரோன் ஜேம்ஸ் என்ற கூடைப்பந்தாட்ட வீரர் ஒகாயோ மாநிலத்தின் அக்றன் நகரிற் பிறந்தவர். அருகிலுள்ள கிளீவ்லன்ட் நகரின் அணிக்கு ஏழு பருவங்கள் ஆடியவர். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் எந்த அணியோடும் சேரும் உரிமை அவருக்கு இருந்தது. தாம் மயாமி அணிக்குச் செல்லவிருப்பதை அன்றிரவு தொலைக்காட்சியில் அவர் அறிவித்தார். கிளீவ்லன்ட் வீதிகளில் அவரது பெயர் பொறித்த மேற்சட்டைகள் எரிக்கப்பட்டன. அணியின் உரிமையாளர் அவரைத் துரோகி எனச் சாடிப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். அதன் பொருட்டு ஒரு இலட்சம் டொலர் தண்டமும் செலுத்த நேர்ந்தது. சட்டத்தின் கண்ணில் ஜேம்ஸ் செய்த குற்றம் எதுவுமில்லை. எனினும், மக்கள் மனத்தில் அவர் குற்றவாளியாகவே நின்றார். சட்டம் காணாத எக்குற்றத்தை மக்கள் கண்டனர் என்பதே இங்கு எழும் வினா.

இதனை ஆராயுமுன், அவர் பயன்படுத்திய உரிமை எவ்வாறு தோன்றியது என்பதை அறிதல் வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் இளம் வீரர் தமது முதல் அணியைத் தாமே தெரிவு செய்வதில்லை. அணிகளே முறைவைத்து அவர்களைத் தெரிவு செய்கின்றன. முற்காலத்தில், ஒருமுறை தெரிவு செய்யப்பட்டவர் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் அவ்வணிக்கே கட்டுப்பட்டிருந்தார். அணி விரும்பினால் அவரைப் பிறிதோர் அணிக்கு மாற்றிவிடலாம். அவர் விரும்பினால் எங்கும் செல்ல இயலாது. பேஸ்போல் ஆட்டத்திலும் இதுவே நிலை. 1969இல் சென் லூயிஸ் அணி கேர்ட் பிளட் என்ற கறுப்பின வீரரைப் பிலடெல்பியா அணிக்கு மாற்றியபோது, தாம் வாங்கி விற்கப்படும் உடைமையல்லர் என அவர் எதிர்த்து நின்றார். 1972இல் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவரது ஆட்ட வாழ்வு அவ்வழக்கோடு அழிந்தது.

கூடைப்பந்தாட்டத்தில் இதே போராட்டத்தை முன்னெடுத்தவர் ஒஸ்கார் றொபேட்சன். ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக விளங்கிய அவரது பெயரால் 1970இல் வழக்குத் தொடரப்பட்டது. 1976இல் இணக்கம் ஏற்பட்டு, வீரரைக் கட்டிவைத்திருந்த விதிகள் தளரத் தொடங்கின. எனினும், பழைய அணியின் தலையீடு எதுவுமின்றி வேறோர் அணியிற் சேரும் முழு உரிமை 1988இலேயே கிடைத்தது. அவ்வாண்டு சியாற்றில் அணியை நீங்கிப் பீனிக்ஸ் அணியிற் சேர்ந்த டொம் சேம்பர்ஸ் அவ்வுரிமையை முதன்முதற் பயன்படுத்தியவராவர். றொபேட்சனோ 1974இலேயே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். போராடியவர் ஒருவர், பயன் பெற்றவர் வேறொருவர். ஆகவே, ஜேம்ஸ் பயன்படுத்திய உரிமை உரிமையாளர் அளித்த சலுகையன்று. முன்னோர் விலை கொடுத்துப் பெற்ற சொத்து.

உரிமை உண்டென்பதால் மட்டும் ஒரு செயல் சரியானதாகிவிடாது. செய்ய உரிமையுள்ள ஒன்றைச் செய்யாதிருத்தலே உயர்ந்ததாகும் சந்தர்ப்பங்களும் உள. எனவே, துரோகம் என்ற குற்றச்சாட்டு எவற்றை அடிப்படையாகக் கொண்டிருத்தல் கூடும் என நோக்குதல் தகும். வாக்குறுதி, நன்றிக்கடன், ஊர்ப்பற்று என மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது வாக்குறுதி. ஒப்பந்தம் என்பது காலவரையறை கொண்ட வாக்குறுதி. அக்காலம் முடியும் வரை ஆடியவர் சொன்ன சொல்லைக் காத்தவரேயன்றி மீறியவரல்லர். வாக்குறுதி மீறல் எத்தகையது என்பதை வேறொரு நிகழ்ச்சி தெளிவாக்கும். 2015 யூலையில் டிஅன்றே ஜோர்டன் என்ற வீரர் ஏறக்குறைய 80 மில்லியன் டொலருக்கு டல்லாஸ் அணியிற் சேர வாய்மொழியாக இணங்கினார். புதிய ஒப்பந்தங்களிற் கையொப்பமிடுவதற்கு விதிகள் அனுமதிக்காத சில நாள்கள் இடையில் இருந்தன. அந்நாள்களில் அவரது மனம் மாறியது. பழைய அணியின் பயிற்றுநரும் சக வீரர்களும் அவரது இல்லத்தில் வந்து கூடினர்; அவர் முன்னைய லொஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணியோடு மீண்டும் ஒப்பந்தம் செய்தார். சட்டப்படி இதுவும் குற்றமன்று. ஆனால், அவர் சொல்லை நம்பி டல்லாஸ் அணி தன் திட்டங்களை வகுத்திருந்தது. அந்நம்பிக்கை சிதைந்தமையே தீங்கு. கவனித்தற்குரியது யாதெனின், இவர் பழைய அணியிலேயே தங்கியவர்! நீங்கிச் சென்ற ஜேம்ஸ் எவ்வாக்கையும் மீறவில்லை. தங்கிய ஜோர்டன் மீறினார். ஆகவே, தங்குதல் விசுவாசம், நீங்குதல் துரோகம் என்ற எளிய சமன்பாடு பொருந்தாது.

இரண்டாவது நன்றிக்கடன். தமிழர் மரபில் இதற்குச் செஞ்சோற்றுக்கடன் என்ற வலிய சொல்லுண்டு. உலகம் இழித்துரைத்தபோது துரியோதனன் அங்க நாட்டை அளித்து உயர்த்தினான். அக்கடனுக்காகக் கர்ணன் உயிரையும் ஈந்தான். ஆயின், கர்ணன் பெற்றது கொடை. ஆட்டக்காரர் பெறுவது ஊதியம். ஆட்டக்காரரின் திறமையால் அரங்கு நிறைகின்றது. அணியின் மதிப்புப் பெருகுகின்றது. தனிவீரர் பெறக்கூடிய ஊதியத்துக்கு 1999இலிருந்து உச்ச வரம்பும் விதிக்கப்பட்டுள்ளது. அதனால் தலைசிறந்த வீரர் தமது உண்மையான சந்தைப் பெறுமதியிலும் குறைவாகவே பெறுகின்றனர் எனலாம். இந்நிலையிற் கடன்பட்டவர் யார் என்பதே ஐயத்துக்குரியது. மேலும், தமிழ் மரபும் தங்குதலை மட்டும் போற்றியதன்று. கம்பன் காவியத்தில் அறத்தின் பொருட்டு அண்ணனை நீங்கிய வீடணனும், அண்ணன் செய்தது தவறெனத் தெரிந்தும் நீங்காத கும்பகர்ணனும் எதிரெதிரே நிற்கின்றனர். இருவருள் உயர்ந்தவர் யார் எனப் பட்டிமண்டபங்கள் இன்றும் வாதிடுகின்றன. பரிசில் நீட்டித்த வள்ளலை விட்டுப் பிறிதொரு வாயிலை நாடிய புலவரைச் சங்க இலக்கியமும் பழிக்கவில்லை.

மூன்றாவது ஊர்ப்பற்று. குற்றச்சாட்டின் உண்மையான வலு இங்கேயே உளது. ஊர் மக்களுக்கும் வீரருக்குமிடையே எழுத்திலமைந்த ஒப்பந்தம் எதுவுமில்லை. அவர்கள் ஊதியம் பெறுவோருமல்லர், இலாபம் காண்போருமல்லர். கிளீவ்லன்ட் நகரின் பெரிய அணிகளுள் ஒன்றேனும் 1964இன் பின் சாம்பியன் பட்டம் பெற்றதில்லை. தொழில்கள் நலிந்து மக்கள்தொகை குறைந்துவந்த அந்நகரத்தார், தம் மண்ணிற் பிறந்த ஒருவரிடத்தே தம் பெருமையை ஒப்படைத்திருந்தனர். அவ்வொப்படைப்பை அவர் கேட்டுப் பெற்றிலர் என்பது உண்மை. ஆயினும், அதனால் உயர்ந்தவர் அதனை அறியாதவர்போல் நடத்தல் தகாது. அங்கேயே ஆயுள் முழுவதும் ஆடுதல் அவரது கடனன்று; ஒருவரின் அன்பு மற்றவரின் வாழ்வைச் சிறைப்படுத்தும் உரிமையைத் தாராது. ஆனால், பிரியும் முறையில் மரியாதை காட்டுதல் கடன். நெடுநாள் உறவை முறிக்கும் செய்தி காட்சிப்பொருளாக்கப்பட்டு, அவ்வூர் மக்களும் ஏனையோரோடு ஒருவராகத் திரையைப் பார்த்தே அதை அறிய நேர்ந்தது. அந்நிகழ்ச்சியின் வருவாய் சிறுவர் நலனுக்கு வழங்கப்பட்டது என்பதும் இக்குறையை நீக்கவில்லை. நன்கொடை பெற்றோர் வேறு, அவமதிக்கப்பட்டோர் வேறு. ஆகவே, அவர் சென்றமை தவறன்று. சென்ற விதமே தவறு.

இங்கு ஒரு தடை எழலாம். அணிகள் வீரரிடம் விசுவாசம் காட்டுவதில்லையே, வீரரிடம் மட்டும் அதனை எதிர்பார்ப்பது எவ்வாறு என்பதே அது. தடை வலியதே. பொஸ்ரன் அணியின் ஐசேயா தோமஸ் 2017 ஏப்ரலில் தமது சகோதரியை விபத்தில் இழந்தார். மறுநாளே அணிக்காகக் களமிறங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அவ்வணி அவரைக் கிளீவ்லன்ட் அணிக்கு மாற்றியது. 2025 பெப்ரவரியில் டல்லாஸ் அணி, தன் முதன்மை வீரரான லூக்கா டொன்சிச்சை எவரும் எதிர்பாராத வகையில் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றியது. 1967 முதல் சியாற்றில் நகரிலிருந்த அணியோ 2008இல் முழுமையாகவே ஒக்லஹோமா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அணி செய்யுமிடத்து வியாபாரம் எனப்படுவது, வீரர் செய்யுமிடத்துத் துரோகம் எனப்படுமாயின், அங்கு அளவுகோல் ஒன்றன்று. ஒரு பக்கத்தை மட்டும் கட்டும் அறம் அறமன்று. அது ஆளும் தரப்பினரின் வசதி.

எனினும், இத்தடை உரிமையாளரை நோக்கியே செல்லும்; மக்களை நோக்கிச் செல்லாது. சியாற்றில் அணி பெயர்க்கப்பட்டபோது வீரரைப் போலவே, அவரினும் மிகுதியாகவே, மக்களும் இழந்தனர். உரிமையாளரின் தவறு மக்களுக்குரிய மரியாதையை இரத்துச் செய்யாது. அணி என்ற ஒரு சொல்லுக்குள் உரிமையாளர், சக வீரர், ஊர் மக்கள் ஆகிய மூவரும் அடங்கியிருத்தலே குழப்பத்துக்குக் காரணம். மூவருக்கும் உரிய கடன் ஒன்றன்று.

பிறிதொரு குற்றச்சாட்டும் உண்டு. 2016இல் கோல்டன் ஸ்டேட் அணி வழக்கமான பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றது. அரையிறுதித் தொடரில் ஒக்லஹோமா அணி 3க்கு 1 என முன்னிலை பெற்றிருந்தும் அவ்வணியிடம் தோற்றது. தோற்ற அணியின் தலைசிறந்த வீரர் கெவின் டுராண்ட் அடுத்த யூலையில் வென்ற அணியிலேயே சேர்ந்தார். 2017இலும் 2018இலும் அவ்வணி பட்டம் வென்றது. இது போட்டியின் சமநிலையைக் குலைக்கும் செயல் எனப் பலர் கண்டித்தனர். ஆயின், சமநிலையைப் பேணும் பொறுப்பு விதிகளை ஆக்குவோருடையது. அவ்வாண்டு ஒளிபரப்பு வருவாய் பெருகியதால், ஓர் அணி ஊதியத்துக்குச் செலவிடக்கூடிய வரம்பு 70 மில்லியன் டொலரிலிருந்து 94 மில்லியனுக்கு ஒரேயடியாக உயர்ந்தது. வாயில் திறந்திருந்தது, அவர் நுழைந்தார். அதனைத் தவறென்பது அரிது. எனினும், எத்தகைய வெற்றி தமக்கு நிறைவு தரும் என ஒருவர் தம்மைத் தாமே கேட்கும் வினா எஞ்சி நிற்கின்றது. அது கடமை பற்றிய வினாவன்று. சிறப்பைப் பற்றிய வினா. கடமை தவறியவரைக் கண்டிக்கலாம். உயர்ந்த சிறப்பை நாடாதவரைக் கண்டு வருந்தலாமேயன்றிக் கண்டித்தல் ஆகாது.

அமெரிக்க மெய்யியலாளர் ஜொசையா றொய்ஸ் 1908இல் வெளியிட்ட நூலொன்றில் விசுவாசத்தை முழுமையாக ஆராய்ந்தார். அவர் கருத்தின்படி, ஓர் இலட்சியத்துக்குத் தன் விருப்போடு தன்னை ஒப்படைத்தலே விசுவாசம். விருப்போடு என்பதே இங்கு உயிர்நிலையான சொல். கட்டப்பட்டவன் தங்கியிருத்தல் விசுவாசமாகாது. கதவு பூட்டிய வீட்டில் இருப்பவனை வீட்டுப்பற்று உடையவன் என எவரும் கூறார். 1976க்கு முன் ஒரே அணியில் ஆடி முடித்தவருள் எவர் பற்றினால் தங்கினார், எவர் வழியின்றித் தங்கினார் என்பதை எங்ஙனம் அறிவது? ஜெர்மானியரான டேர்க் நொவிற்ஸ்கி 1998 முதல் 2019 வரை இருபத்தொரு பருவங்கள் டல்லாஸ் அணியிலேயே ஆடினார். 2014இல் வேறு அணிகள் பெருந்தொகை தர முன்வந்தும், அதனினும் மிகக் குறைந்த ஊதியத்துக்கு அங்கேயே தங்கினார். அவர் தங்கியமைக்கு மதிப்பளிப்பது, அவர் செல்லக்கூடியவராக இருந்தார் என்ற உண்மையே. கோப்பெருஞ்சோழனுக்காக உயிர்நீத்த பிசிராந்தையார் அச்சோழனின் குடிமகனல்லர், பாண்டி நாட்டவர். கட்டாயம் இன்மையாலேயே அந்நட்பு இன்றுவரை பேசப்படுகின்றது.

ஆகவே, சுதந்திரம் விசுவாசத்துக்குப் பகையன்று. அது விசுவாசத்தின் முன்நிபந்தனை. றொபேட்சனும் பிளட்டும் போராடியது வீரர் ஓடிப்போவதற்காக மட்டுமன்று. தங்குவோரின் தங்குதலும் பொருளுடையதாக வேண்டும் என்பதற்காகவும் எனலாம்.

ஜேம்ஸ் 2014இற் கிளீவ்லன்ட் அணிக்குத் தாமாகவே திரும்பினார். 2016இல் அந்நகர் ஐம்பத்திரண்டு ஆண்டுகளின் பின் பட்டம் பெற்றது. 2018இல் அவர் மீண்டும் நீங்கி லேக்கர்ஸ் அணிக்குச் சென்றபோது, 2010இல் எழுந்த சீற்றம் எழவில்லை; நன்றியே மேலோங்கியது. பட்டம் கிடைத்தமையால் மக்கள் மன்னித்தனர் என ஒருவர் கூறலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. மக்கள் மனம் பயனையும் எண்ணிப் பார்ப்பதே. ஆயினும், அதுவே முழு உண்மையன்று. முதன்முறை அவர் ஆரவாரத்தோடு பிரிந்தார். இரண்டாம் முறை அடக்கமாகப் பிரிந்தார். முதன்முறை அவர் அவ்வூரில் இருந்தமை பிறரின் தெரிவு. இரண்டாம் முறை அது அவரது சொந்தத் தெரிவு. தானே விரும்பி வந்தவனை விடைகொடுத்து அனுப்புதல் மனிதர்க்கு எளிது. உறவு எத்துணைக் காலம் நீடித்தது என்பதினும், அது விருப்பால் அமைந்ததா, உண்மையோடு முடிந்ததா என்பவற்றைக் கொண்டே விசுவாசத்தை அளத்தல் வேண்டும்.