உரித்த அலமாரி

"என்னடா, காசு குடுத்து வாங்குன அலமாரிய ஏன் இப்படி உரிச்சி வச்சிருக்க?"

என் புது வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். புது வீடு என்றால் வாடகை வீடு. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடியில் நான்காவது மாடி. முன்பணமெல்லாம் கட்டி முடித்தபின் கையில் மிஞ்சியது 1,200 வெள்ளி. அதற்குள் கட்டில், அலமாரி, மேசை, திரைச்சீலை எல்லாம் முடிய வேண்டும். அப்படித் தேடும்போதுதான் 'ஷேபி ஷிக்' கண்ணில் பட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஓரங்களில் வண்ணம் உதிர்ந்த மரச்சாமான், துவைத்துத் துவைத்து மங்கியது போன்ற துணி, வெள்ளையும் வெளிர்நீலமும் கலந்த சுவர். எல்லாமே யாரோ நெடுநாள் புழங்கியதுபோல இருக்க வேண்டும். 1989இல் ரேச்சல் ஆஷ்வெல் என்ற ஆங்கிலேயப் பெண் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் இந்தப் பெயரிலேயே ஒரு கடை திறந்தார். அதற்கப்புறம் அது உலகம் முழுக்கப் பரவிய பாணி. அதில் எனக்குப் பிடித்தது விலைதான். பழைய சாமானை வாங்கு, நீயே வண்ணம் அடி, குறையை அழகாக்கு.

கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில் 80 வெள்ளிக்கு அலமாரி கிடைத்தது. தொழிற்சாலைகளில் தூக்கிப்போடும் பேலட் பலகைகளில் மேசை செய்தேன். (பேலட் எடுப்பவர்கள் முத்திரையைப் பாருங்கள். 'எச்டி' என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்பி' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம்.) அலமாரிக்கு முதலில் அடர்பழுப்பு அடித்தேன். காய்ந்ததும் ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்து, அதன்மேல் வெள்ளை. மெழுகு இருக்கும் இடத்தில் மேல்பூச்சு ஒட்டாது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் உரிந்து வந்து அடியிலுள்ள பழுப்பு தெரியும். ஒரே சனிக்கிழமையில் அலமாரிக்கு நாற்பது வயது கூடிவிட்டது.

இதைச் சொல்லித்தரும் எல்லாரும் ஒரு நுணுக்கம் சொல்வார்கள்: கண்ட இடத்தில் தேய்க்காதே, கை படும் இடத்தில் தேய். கைப்பிடியைச் சுற்றி, கதவின் ஓரத்தில், கால் இடிக்கும் அடிப்பலகையில். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். தேய்மானம் என்பது எங்களுக்கு ஒரு பதிவு. ஒரு தாங்கியைக் கழற்றிப் பார்த்தால் அது எந்தப் பக்கம் சுமை தாங்கியது, எங்கே எண்ணெய் போகவில்லை என்று சொல்லிவிடலாம். உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தபோது நான் செய்தது அந்தப் பதிவைத் திருத்துவது. இல்லாத ஒருவருடைய கையை அலமாரியில் வரைந்துகொண்டிருந்தேன். அப்போது அது தோன்றவில்லை. அம்மா கேட்டபிறகுதான் தோன்றியது.

அம்மா அலமாரியோடு நிற்கவில்லை. சன்னலோரம் வரிசையாக ஆறு மங்குகள் வைத்திருந்தேன். ரப்பர் பால் பிடிக்கும் மங்கு. ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் ஒன்று ஐந்து வெள்ளி. ஒவ்வொன்றிலும் ஒரு பணச்செடித் தண்டு. வந்த நண்பர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு போன மூலை அது. அம்மா ஒன்றைக் கையில் எடுத்தார். உள்பக்கம் விரலை விட்டுச் சுற்றித் தேய்த்துப் பார்த்தார்.

"இத எதுக்குடா காசு குடுத்து வாங்குன?"

அம்மா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீடு. பள்ளி விடுமுறையில் பாட்டிகூட மரம் வெட்டப் போவார். விடியும் முன்னரே பெரட்டு. வெயில் ஏறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். விடிகாலையில்தான் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற உறைந்துவிடும். பாட்டி உளி போட்டுக்கொண்டே போவார், அம்மா பின்னாலேயே மங்கில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, துடைத்து வைப்பார். ஒரு நாளைக்கு நானூறு மரம் என்றார். பிறகு அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறியது. இன்று அங்கே வீடமைப்புத் திட்டம். இதையெல்லாம் அம்மா அன்றைக்குத்தான் சொன்னார். இருபத்தெட்டு வருஷமாக நான் மங்கைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஐந்து வெள்ளி கொடுத்து வாங்கிய பிறகுதான் பேச்சே வந்தது.

"லயத்துல பலகச் செவரு. ஒங்க பாட்டி தீவாளிக்குத் தீவாளி சுண்ணாம்பு அடிப்பாங்க. உதிரக் கூடாதுன்னுதான்டா அடிப்பாங்க."

அம்மா போனபிறகும் அந்த வாக்கியம் வீட்டில் இருந்தது.

என் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லை என்று இல்லை. முதல் வாதம்: நான் பணக்காரன் விளையாடும் ஏழை விளையாட்டு விளையாடவில்லை. 1783இல் பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத்துக்காக வெர்சாய் தோட்டத்தில் ஒரு போலிக் கிராமம் கட்டத் தொடங்கினார்கள். குடிசை, பால்பண்ணை, ஆலை எல்லாம் உண்டு. புதுச் சுவர்கள் பழசாகத் தெரிய விரிசல்களைத் தூரிகையால் வரைந்தார்கள். அரசிக்கு அலுத்துவிட்டால் அரண்மனைக்குத் திரும்பிவிடலாம். எனக்குத் திரும்ப அரண்மனை இல்லை. என்னிடம் இருந்தது நிஜமாகவே 1,200 வெள்ளிதான்.

இந்த வாதத்தை நானே உடைக்க வேண்டியிருக்கிறது. பட்ஜெட், பழைய அலமாரியை வாங்கியதற்குக் காரணம் ஆகும். உப்புத்தாளுக்குக் காரணம் ஆகாது. அலமாரி பழசு, ஆனால் நல்ல நிலையில்தான் இருந்தது. துடைத்து வார்னிஷ் அடித்திருந்தால் செலவு இன்னும் குறைவு. நான் கூடுதலாகக் காசும் ஒரு சனிக்கிழமையும் செலவழித்து வாங்கியது, சிக்கனத்தை அல்ல, சிக்கனத்தின் தோற்றத்தை. அந்த இடத்தில் நானும் தூரிகையால் விரிசல் வரைந்தவன்தான்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் வலுவானது. போலி என்று பார்த்தால் எது போலி இல்லை? கிள்ளானில் அம்மாவின் வரவேற்பறைக்கு வாருங்கள். தேக்கு மாதிரி இருக்கும் தொலைக்காட்சி மேசை, மரத்தூளை அழுத்திய பலகைமேல் தேக்கின் படம் ஒட்டியது. பளிங்கு மாதிரி இருக்கும் தரை, அச்சடித்த ஓடு. சோஃபாவின் பிளாஸ்டிக் உறையைப் பல வருஷம் கழற்றவே இல்லை. அம்மாவின் வீடும் தன்னிடம் இல்லாத ஒன்றை நடிக்கிறது. அது போய்ச் சேர நினைத்த இடத்தை நடிக்கிறது. என் வீடு அம்மா கிளம்பி வந்த இடத்தை நடிக்கிறது. ஆகவே தப்பு, போலியில் மட்டும் இல்லை.

பிறகு எதில்?

பிரிக்ஃபீல்ட்ஸில் இதை யோசித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபிறகு, அத்தாப்புக் கூரை வேண்டாம், செங்கல்லும் ஓடும் போட்டுக் கட்டுங்கள் என்று ஸ்வெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அதற்குச் செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடம் என்பதால்தான் இந்தப் பெயர். பிறகு ரயில்வே வந்தது, ரயில்வேக்கு நம் ஆட்கள் வந்தார்கள். அவர்களும் மற்ற அரசு ஊழியர்களும் குடியிருக்க 1905இல் கட்டிய 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். அதே நகரத்தின் காப்பிக் கடைகளில் இன்று சுவரின் பூச்சை வேண்டுமென்றே கொத்தி எடுத்துச் செங்கல்லைக் காட்டுகிறார்கள். செங்கல் அழகுதான். ஆனால் செங்கல்லைப் பிடிக்கும் நமக்கு, அந்தச் செங்கல்லுக்குள் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி வருவதில்லை. பழசின் தோல் நமக்கு வேண்டும், பழசின் ஆள் வேண்டாம்.

இதைக் காப்பிக் கடைக்காரர்மேல் போட்டுவிட்டுத் தப்ப முடியாது. இலக்கியம் படிக்கிற, எழுதுகிற நாமும் இதே உப்புத்தாளை வைத்திருக்கிறோம். நான் எழுதிய முதல் சிறுகதை பல்கலைக்கழகப் போட்டிக்கு. அதில் லயம் இருந்தது, பனி இருந்தது, பால்மரம் இருந்தது, சம்சு குடிக்கும் அப்பா இருந்தார். ஆறுதல் பரிசு கிடைத்தது. நான் தோட்டத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. மற்ற கதைகளில் படித்த வறுமையை, கை படும் இடமாகப் பார்த்துத் தேய்த்து, என் கதைக்கு வயது ஏற்றியிருந்தேன். அம்மா ஒருத்தர் பக்கத்து அறையிலேயே இருந்தார். கேட்டிருந்தால் நானூறு மரம் என்று சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது தகவல் இல்லை, வண்ணம்.

அனுபவிக்காததை எழுதக்கூடாது, வைத்துக்கொள்ளக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அம்மா தலைமுறையோடு தோட்டமே முடிந்துவிடும். மங்கு குப்பைக்குப் போவதைவிட என் சன்னலில் இருப்பது மேல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒரு பொருளின் தேய்மானத்தை நான் எடுத்துக்கொண்டால், தேய்த்த கைக்கு ஒரு கடன் விழுகிறது. அந்தக் கடனை அழகு பார்ப்பதால் அடைக்க முடியாது. யார் கை, என்ன வேலை, எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று கேட்பதில் கொஞ்சம் அடைக்கலாம். கேட்கவே ஆளில்லாத தேய்மானத்தை நானே உருவாக்கினால், அலமாரியில் செய்தது போல, கடன்கூட இல்லை. அது வெறும் கீறல்.

போன மாதம் அம்மா மறுபடி வந்தார். அலமாரியின் ஓரங்களை நான் அடைத்திருந்தேன். இரண்டு கை வெள்ளை, மேலே ஒரு பூச்சு மெழுகு. மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துவிட்டு "இப்பத்தான் அலமாரி மாதிரி இருக்கு" என்றார். நண்பர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனக்கும், உண்மையைச் சொன்னால், பழையபடி இருந்ததுதான் கண்ணுக்கு அழகு.

மங்குகளை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"ஏன் எடுக்கணும்? செடிய மட்டும் வேற எதுலயாவது வையி."

செடிகளைத் தயிர் டப்பாக்களுக்கு மாற்றினோம். அம்மா ஆறு மங்கையும் கழுவி, துணியால் துடைத்து, சன்னல் விளிம்பில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார்.

"மரம் வெட்டாத நாள்ல கவுத்துதான் வைக்கணும். இல்லாட்டி மழத்தண்ணி நிக்கும்."

இன்றைக்கும் கவிழ்ந்துதான் இருக்கின்றன. யாராவது வந்து ஏன் இப்படி என்று கேட்டால் சொல்கிறேன்.