நான்காவது அறிவு

பேசின் பிரிட்ஜ் வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாய் எண்ணூர்க் கழிமுகத்தை அடைகிறது. அங்குக் கிடைத்த நண்டின் ஓட்டைக் காட்டி, ஓடு கழற்றுதலை வகுப்பில் விளக்கியிருக்கிறோம்.

ஓடு உடலோடு வளராது; கழற்றியே ஆகவேண்டும். ஒய்-உறுப்பு சுரக்கும் எக்டைசோன் ஹார்மோனின் செயல்வடிவத்தை, உயிரணுவிலுள்ள இரு ஏற்பிப் புரதங்கள் இணைந்து ஏற்று, உரிய மரபணுக்களை இயக்குகின்றன. அச்சுரப்பை அடக்கிவைக்கும் ஹார்மோன் கண்காம்பில் உள்ளது. சினைமுதிர்ச்சியை அடக்குவதும் அங்கேயே. எனவே இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நசுக்கியோ வெட்டியோ நீக்குவது வழக்கமாயிற்று. சினை விரைவில் முதிரும். இதை அறிவின் வெற்றி என்றே நாமும் கற்பித்தோம்.

தொல்காப்பிய மரபியல் நண்டை நான்கறிவுயிர்களுள் வைக்கிறது. நான்காவது அறிவு பார்வை. தமிழ் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு அறிவியல் வகுப்பில் மறந்தோம்! நண்டும் இறாலும் உணர்வுடையவை என்று 2022இல் பிரிட்டன் சட்டம் ஏற்றபோதுதான் நினைவு வந்தது.

நாம் இறால் உண்பவரல்லர். ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே எனில், கரும்பலகை முன் நின்று மெச்சியது எதில் சேரும்?

"ஒரு கண்ணை விட்டுவைக்கிறார்களே, இரக்கத்தாலா டீச்சர்?" என்று அன்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டையும் எடுத்தால் இறால் விரைவில் மடிந்துவிடும் என்றோம். அவள் பேசாமல் அமர்ந்துவிட்டாள்.