காண்டலும் துணிதலும்: அசைவுக் காட்சி பற்றிய மூளையியல் ஆய்வுகள் எழுப்பும் அறவியல் வினா

முன்னுரை

அளவைகளை வகுத்துரைத்த இந்திய மெய்யியல் மரபுகள் காட்சிக்கு முதலிடம் வழங்கியுள்ளன. கருதலும் உரையும் காட்சியைச் சார்ந்து எழுபவை. காட்சியோ பொருளோடு பொறி கூடியவழிப் பிறப்பது என்பது பரவலாக ஏற்கப்பெற்ற கருத்தாகும். அசைவைக் காண்டல் பற்றி அண்மைப் பதிற்றாண்டுகளில் நிகழ்ந்த மூளையியல் ஆய்வுகள் இக்கருத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கத் தூண்டுகின்றன. காண்டலுக்குள்ளேயே துணிதல் அடங்கியுள்ளதா? அடங்கியுள்ளதாயின் அத்துணிவு எவருடையது? அதற்குப் பொறுப்பேற்கத்தக்கவர் யார்? இவ்வினாக்களை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

அசைவு உணரப்படும் முறை

விழித்திரையில் உருவம் இடம்பெயர்வதும் அசைவைக் காண்பதும் ஒன்றல்ல. கண்ணைச் சுழற்றும்போது விழித்திரையில் காட்சி முழுவதும் நகர்கிறது. ஆயினும் உலகம் நகர்வதாக எவரும் உணர்வதில்லை. மறுதலையாக, ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்து அணையும் இரு நிலைத்த விளக்குகளுக்கிடையே அசைவு தோன்றுவதை மாக்ஸ் வெர்தைமர் 1912இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைச் சிறிது நேரம் உற்றுநோக்கிப் பின்னர் அருகிலுள்ள பாறையைப் பார்த்தபோது, பாறை மேல்நோக்கி நகர்வதாகத் தோன்றியதை ராபர்ட் ஆடம்ஸ் 1834இல் பதிவு செய்தார். திரைப்படம் என்னும் கலையே நிலைப்படங்களில் அசைவைக் காணும் இவ்வியல்பின்மேல் நிற்பதாகும்.

இவ்வாற்றலை இழந்தார் நிலை 1983இல் வெளிப்பட்டது. ஜோசப் சீல் முதலிய ஆய்வாளர்கள் விவரித்த ஒரு பெண்மணிக்கு மூளையின் பின்பகுதியில் இருபுறமும் சேதம் நேர்ந்திருந்தது. வண்ணமும் வடிவமும் அவருக்குப் புலப்பட்டன. அசைவு மட்டும் புலப்படவில்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதாகத் தோன்றியமையால் எப்பொழுது நிறுத்துவது என்பதை அவர் அறியக்கூடவில்லை. தொலைவில் நின்ற ஊர்தி, மறுகணம் மிக அருகில் நின்றது. இடைப்பட்ட வருகை அவருக்கு இல்லாததாயிற்று. அசைவு என்பது காட்சியின் தனிக்கூறு என்பதும், அதனை மூளை தன் செயலால் ஆக்கிக்கொள்கிறது என்பதும் இதனாற் பெறப்படும்.

புள்ளிகளும் நரம்பணுக்களும்

துணிதலை ஆராய்தற்கு வில்லியம் நியூசம், கென்னத் பிரிட்டன், அந்தோனி மூவ்ஷன் ஆகியோர் கையாண்ட முறை எளிமையானது. திரையில் எண்ணற்ற புள்ளிகள் தாறுமாறாகத் தோன்றி மறையும். அவற்றுள் ஒரு சிறு பங்கு மட்டும் ஒரே திசையில் நகரும். பொதுத்திசை யாது என்பதைப் பயிற்றப்பெற்ற குரங்கு தன் பார்வையைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஒரே திசையில் நகரும் பங்கு குறையக் குறைய ஐயம் மிகும்.

மூளையின் பொட்டுமடலில் 'எம்.டி.' எனப்படும் பகுதியின் நரம்பணுக்கள் அசைவின் திசையைத் தேர்ந்து துலங்குபவை. அவற்றுள் தனியொரு நரம்பணுவின் நுண்மை, பல வேளைகளில் விலங்கு முழுவதன் நுண்மைக்கு ஈடாக இருந்தமையை அவர்கள் 1989இல் வெளியிட்டனர். 1990இல் வெளிவந்த ஆய்வில், ஒரு திசைக்குரிய நரம்பணுத் தொகுதியைச் சிறு மின்னோட்டத்தால் தூண்டியபோது, குரங்கின் தீர்ப்பு அத்திசை நோக்கிச் சாய்ந்தது.

அடுத்த நிலையைச் சுவர்மடலின் 'எல்.ஐ.பி.' பகுதியில் மைக்கேல் ஷாட்லனும் பிறரும் ஆராய்ந்தனர். அங்குள்ள நரம்பணுக்களின் செயல், சான்று சேரச்சேரப் படிப்படியாக உயர்ந்து, ஓர் எல்லையை எட்டும்போது தீர்ப்பு வெளிப்படுவதாக அவர்கள் விளக்கினர். சான்று வலிதாயின் ஏற்றம் விரைவு. மெலிதாயின் ஏற்றம் தாழ்வு.

ஐயம், துணிவு: இலக்கண மரபின் ஒளி

இவ்வமைப்பு தமிழ்ப் பொருளிலக்கண மரபிற்கு முற்றிலும் புதிதன்று. காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என்னும் வரிசையை நம்பியகப்பொருள் கைக்கிளைக்கு வகுக்கிறது. எதிர்ப்பட்டாள் தெய்வமகளோ மானிட மகளோ என ஐயுறும் தலைவன், அவ்வையத்தைக் களைதற்குரிய கருவிகளாக வண்டு, அணிகலன், பூ, இமைப்பு, அச்சம் முதலியவற்றைத் தொல்காப்பியக் களவியல் தொகுத்துரைக்கிறது. ஒரு குறியால் மட்டும் துணியாது குறிகள் பலவற்றைச் சேர்த்துத் துணிவு எய்துவதும், அக்குறிகளுள் இமைப்பு என்னும் நுண்ணசைவு இடம்பெறுவதும் நோக்கத்தக்கன.

இரண்டும் ஒன்றே எனக் கொள்வது பொருந்தாது. இலக்கணம் கூறுவது அன்பின் நெறிப்பட்ட மாந்தனின் மனநிலை. ஆய்வு கூறுவது நரம்பணுக்களின் செயல்வீதம். எனினும், காட்சிக்கும் துணிவுக்கும் இடையே ஐயம் என ஒரு நிலை உண்டு என்பதையும், அது சான்றுகளால் கடக்கப்படுவது என்பதையும் இரண்டும் உடன்படுகின்றன.

துணிவு எவருடையது?

மின்னோட்டத்தால் தீர்ப்பைச் சாய்க்க இயலுமாயின், துணிவு தன்னுடையது என மாந்தன் எண்ணுவது மயக்கமே என்று சிலர் முடிவு கட்டக்கூடும். இம்முடிவு அவசரமானது. அச்சோதனையில் மாற்றப்பெற்றது சான்று; சான்றை எடைபோடும் நெறி மாற்றப்பெறவில்லை. பொய்யாவணத்தைக் கண்டு ஏமாந்த நீதிபதியின் தீர்ப்பு பிழையானது. ஆயினும் அது அவருடைய தீர்ப்பே.

மேலும், மாக்ஸ்வெல் பென்னெட்டும் பீட்டர் ஹாக்கரும் 2003இல் வெளியிட்ட நூலில், 'மூளை காண்கிறது, மூளை துணிகிறது' என்னும் வழக்கு முழுமைக்குரியதை உறுப்பின்மேல் ஏற்றிக் கூறும் பிழை என மறுத்தனர். காண்பவனும் துணிபவனும் மாந்தனே. மூளை அதற்கு இன்றியமையாக் கருவி. ஆய்வும் இவ்வெச்சரிக்கைக்கு இடந்தருகிறது. எல்.ஐ.பி. பகுதியின் செயலை ஒடுக்கியபோதும் குரங்கின் தீர்ப்புத்திறன் குறிப்பிடத்தக்க அளவு குன்றவில்லை என 2016இல் ஓர் ஆய்வு காட்டிற்று. துணிவோடு உடன்நிகழ்வது எல்லாம் துணிவின் காரணம் ஆகாது.

பொறுப்பு எங்கே தங்குகிறது என்பதற்கு 'எல்லை' என்னும் கருத்து விடைதருகிறது. எவ்வளவு சான்று போதும் என்பதைப் புள்ளிகள் உரைப்பதில்லை. எல்லையைத் தாழ்த்தினால் விரைவு கிட்டும், பிழை மிகும். உயர்த்தினால் செம்மை கிட்டும், காலம் கழியும். குரங்கிற்கு இவ்வெல்லையைப் பரிசாகக் கிடைக்கும் பழச்சாறு நெறிப்படுத்துகிறது. மாந்தர்க்கோ மதிப்பீடுகளும் நெறிப்படுத்துகின்றன. கிரிக்கெட் நடுவர் கண்ணிமைப்பொழுதில் பந்தின் வழியைத் துணிகிறார். ஐயத்தின் பயன் மட்டையாளருக்கே என்னும் வழக்கு அவருடைய எல்லையை முன்னரே வகுத்துள்ளது. இருளில் ஊர்தி ஓட்டுபவர், சாலையோரம் அசைவது நிழலோ குழந்தையோ எனத் துணிய அரை நொடியே பெறுகிறார். அக்கணத்தில் நரம்பணுக்கள் பிழைபட்டமைக்கு அவரைக் குற்றங்கூற இயலாது. அவ்வரை நொடி போதாத வேகத்தைத் தேர்ந்தமைக்குக் கூறலாம். நிழலைக் குழந்தை என மயங்கி நிறுத்துவதும் குழந்தையை நிழல் என மயங்கிச் செல்வதும் அளவையியலில் ஒரே வகைத் திரிபுக்காட்சி. அறவியலில் அவை ஒன்றல்ல.

துணிவு வெளிப்பட்ட பின்னும் கதவு முற்றாக அடைபடுவதில்லை. கையசைவு தொடங்கிய பின்னரும் மூளையில் எஞ்சிநிற்கும் சான்றைக் கொண்டு மாந்தர் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்வதையும், அம்மாற்றம் பெரும்பாலும் பிழையைத் திருத்துவதாக அமைவதையும் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

நிறைவுரை

அசைவைக் காண்டல் வெறும் ஏற்பன்று; அதனுள் ஐயமும் எடைபோடலும் துணிதலும் உள. அவற்றை நிகழ்த்தும் கருவி மூளை. துணிவுக்கு உரியவன் மாந்தன். கணநேரத் தீர்ப்பு அவன் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்டதாயினும், எவ்விடத்து எவ்வளவு சான்றில் துணிவது என்னும் ஒழுக்கத்தை அவன் முன்னரே பயின்றுகொள்ள இயலும். பிழை தெரிந்தவழித் திருத்திக்கொள்ளவும் இயலும். பொறுப்பு இவ்விரண்டிடத்தும் தங்குகிறது எனத் துணியலாம்.