பிள்ளை சொன்ன இரகசியம்

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கங்களில் பல வீடுகளில் அத்தா கடல் கடந்து சம்பாதிக்கிறார். பிள்ளையின் மனக்குறையைக் கேட்க வீட்டில் ஆளில்லை. 2018-இல் பள்ளிக் கல்வித்துறை 14417 என்ற தொலைபேசி எண்ணில் மாணவர்களுக்கு ஆலோசனை கூறத் தொடங்கிற்று. சில பள்ளிகளில் மனநல ஆலோசகர்களும் உள்ளனர். அவர்களிடம் பிள்ளை சொன்னதை அறியப் பெற்றோருக்கு உரிமை உண்டா? உண்டென்றே நாமும் எண்ணியிருந்தோம்.

விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த வாலிபரைச் சபையோர் அதட்டினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ அருகில் அமர்த்தி, உம் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு இதை விரும்புவீரா என்று வினவினார்கள். அவர்மீது கை வைத்து துஆச் செய்தார்கள். முஸ்னத் அஹ்மதில் வரும் இச்செய்தியில் அவ்வாலிபரின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆலோசகரின் வேலையும் இதுதான்: ஏசாமல் கேட்பது, பிள்ளையையே யோசிக்க வைப்பது. கேட்டது அமானிதம், வீடு வந்து சேருமென்றால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? உயிருக்கு ஆபத்தென்றால் பெற்றோரிடம் சொல்லத்தான் வேண்டும். பாலியல் கொடுமை என்றால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அது வேறு.

பரீட்சையில் பார்த்து எழுதியதை ஆலோசகரிடம் சொன்னவன் நம்மிடம் சொல்லவில்லையே என்று வருந்துகிறோம். சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்?