தானாக வளர்ந்த காடு

ரஷ்யாவின் அலெக்ஸாண்டர் பெட்ரோவ் கண்ணாடியின் மேல் எண்ணெய் வண்ணத்தால் அனிமேஷன் செய்கிறவர். பெரும்பாலும் தூரிகைகூட இல்லை, விரல் நுனிதான். வேலைமுறையைச் சொல்வது சுலபம். கண்ணாடியில் ஒரு படம் வரைய வேண்டும். மேலே மாட்டியிருக்கும் கேமரா அதை ஒரு ஃப்ரேம் எடுக்கும். வண்ணம் காய்வதற்குள் அதே படத்தில் கையைக் கொஞ்சம் நகர்த்தி, அலையைக் கொஞ்சம் அழித்து, அதையே அடுத்த படமாக்க வேண்டும். முந்தையது போயே போச்சு. ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' கதையை 1999இல் அவர் குறும்படமாகக் கொண்டுவந்தபோது இப்படி 29,000க்கும் மேற்பட்ட படங்கள் தேவைப்பட்டன. மகனும் கூட நின்று வரைந்தார். ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஓடுவது 20 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், நொடிக்கு 24 படம். ஒவ்வொன்றும் அடுத்ததற்காக அழிக்கப்பட்டது. அன்டூ கிடையாது, பேக்கப் கிடையாது.

பிக்ஸாரையும் ஜிப்லியையும் தாண்டி உள்ளே போனவர்களுக்கு இந்த உலகம் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஒன்றின் வாலைப் பிடித்தால் இன்னொன்று வரும். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் இணையதளத்தில் நூற்றுக்கணக்கான குறும்படங்களை இலவசமாகவே வைத்திருக்கிறது. மணலைத் தள்ளித் தள்ளி எடுத்தவை, காகிதத்தை வெட்டி நகர்த்தியவை, ஃபிலிம் சுருளிலேயே நேரடியாகக் கீறியவை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து கனடா போன இஷு பட்டேல், 1977இல் வெறும் மணிகளை நகர்த்தி ஒரு ஐந்து நிமிடப் படம் எடுத்தார். உயிர்கள் ஒன்றையொன்று விழுங்கி விழுங்கி வேறு உயிராகிக்கொண்டே போகும். அதை ஒரு ராத்திரி பார்த்துவிட்டுத் தூங்கப் போனவன், தூங்காமல் அடுத்த நாலு படங்களைப் பார்த்தேன்.

ஆபீஸில் ஒரு நண்பனுக்கு பெட்ரோவின் படத்தைக் காட்டினேன். போனை எடுக்காமல் முழுசாகப் பார்த்தான். அப்புறம் கேட்டான்: “நல்லாத்தான் இருக்கு மச்சி. ஆனா இதே ஸ்டைல்ல வேணும்னு இப்ப ஏஐகிட்ட சொன்னா குடுத்துடும்ல? பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியலைன்னா, கையால பண்ணாரா மெஷின் பண்ணுச்சான்றது எதுக்கு முக்கியம்?”

கிண்டலுக்குக் கேட்கவில்லை. எங்கள் தொழிலின் அறமே இந்தக் கேள்விதான். ஒரு வேலையை ரெண்டாவது தடவை கையால் செய்தால், அதை இன்னும் ஏன் ஸ்கிரிப்ட் ஆக்கவில்லை என்று ரிவ்யூவில் கேட்பார்கள். கேட்பது சரியும்கூட. அதனால் இந்தக் கேள்வியை 'கலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்' என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத உழைப்புக்கு மதிப்பு உண்டா? உண்டென்றால் அந்த மதிப்பு எங்கே இருக்கிறது?

முதலில் வாய்க்கு வருகிற பதில், 'எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார் பாருங்கள்' என்பது. இந்தப் பதிலை நான் நம்பவில்லை. கஷ்டப்பட்டு எடுத்த மோசமான படங்கள் ஏராளம். கனடாவின் ஃப்ரெடெரிக் பாக் 1981இல் வந்த 'க்ராக்!' படத்துக்கு வேலை செய்தபோது, ஓவியத்தின் மேல் தெளிக்கும் ரசாயனத்தால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 'க்ராக்!' மிக அழகான படம். ஆனால் அந்தக் கண் போகாமல் இருந்திருந்தாலும் அது அதே அழகோடுதான் இருந்திருக்கும். போன கண்ணைப் படத்தின் மதிப்பில் கூட்டிச் சொல்வது பாக்குக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஜப்பானிய அனிமே ஸ்டுடியோக்களில் இடைப்பட்ட ஃப்ரேம்களை வரையும் இளைஞர்களுக்குச் சம்பளம் எவ்வளவு குறைவு, வேலை நேரம் எவ்வளவு நீளம் என்பது பலமுறை பேசப்பட்ட விஷயம். ராத்திரி பகலாக உட்கார்ந்திருப்பதே கலை என்று நாம் உருகினால், அந்த உருகலை முதலில் பயன்படுத்திக்கொள்வது அவர்களுடைய முதலாளிதான்.

ஆக, வியர்வையை அளவுகோலாக வைக்க முடியாது. சரி, வேறு எதை வைப்பது?

*

யூரி நோர்ஷ்டெயினின் 'மூடுபனியில் முள்ளெலி' 1975இல் வந்த பத்து நிமிடப் படம். ஒரு முள்ளெலி தன் நண்பன் கரடிக்குட்டியோடு உட்கார்ந்து நட்சத்திரம் எண்ணுவதற்காக, ராஸ்பெர்ரி ஜாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறது. வழியில் மூடுபனிக்குள் ஒரு வெள்ளைக் குதிரை தெரிகிறது. குதிரை படுத்துத் தூங்கினால் பனியில் மூழ்கிவிடுமோ என்று முள்ளெலிக்குச் சந்தேகம். அதைத் தெரிந்துகொள்ளக் கீழே இறங்குகிறது. இறங்கியதும் தன் கையே தனக்குத் தெரியாத அளவுக்குப் பனி. அவ்வளவுதான் கதை.

அந்தப் பனியை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். பொம்மைகளின் மேல் மெல்லிய ஒரு தாள். ஒரு ஃப்ரேம் எடுத்ததும் அதைக் கேமராவை நோக்கிக் கொஞ்சம் உயர்த்துவார்கள். இன்னொரு ஃப்ரேம், இன்னும் கொஞ்சம். தாள் மேலே வர வர கீழே இருப்பதெல்லாம் மங்கி, கடைசியில் வெண்மை மட்டும் மிஞ்சும். இங்கே நான் கவனிக்கச் சொல்வது சிரமத்தை அல்ல. எந்த ஃப்ரேமில் குதிரையின் கால்கள் மறைய வேண்டும், எந்த ஃப்ரேமில் முகம் என்பதை ஒருவர் முடிவு செய்திருக்கிறார். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஒரு இலை விழுந்தால், காற்றடித்தது, கேமராவில் சிக்கியது என்று சொல்லிவிடலாம். அனிமேஷனில் எந்த இலையும் தானாக விழுவதில்லை. விழுந்தால் யாரோ விழ வைத்திருக்கிறார்கள். ஏன் அந்த இடத்தில், ஏன் அவ்வளவு மெதுவாக என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார்.

மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எத்தனை மணி நேரம் ஆனது என்பதைவிட, எத்தனை இடங்களில் ஒருவர் நின்று, பார்த்து, 'இது போதும்' அல்லது 'இது சரியில்லை' என்று பொறுப்பெடுத்தார் என்பது முக்கியம். நேரம் அதன் நிழல்.

இப்படிச் சொன்னதும் கம்ப்யூட்டரே எதிரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பல வருஷம் ஃபிலிமில் வேலை பார்த்துவிட்டு, 2015இல் 'நாளைய உலகம்' படத்தை முழுக்கக் கணினியில் செய்தார். ஓவியம் என்று பார்த்தால் குச்சி மனிதர்கள்தான். நாலு வயதுக் குழந்தையிடம் எதிர்காலத்திலிருந்து அவளுடைய நகல் ஒருத்தி வந்து பேசுகிறாள். அந்தக் குழந்தைக்குக் குரல் கொடுத்தது இயக்குநரின் அண்ணன் அல்லது தம்பி மகளோ, அக்கா தங்கை மகளோ, எப்படியோ நாலு வயது உறவுக்குழந்தை. அந்த வயதில் வசனம் சொல்லிக்கொடுத்துப் பேசவைக்க முடியுமா? அவள் விளையாடும்போது தன்போக்கில் பேசியதையெல்லாம் பதிவு செய்துகொண்டு, அதற்கேற்பக் கதையை எழுதினார். மூலப்பொருள் முழுக்கத் தற்செயல். ஆனால் எந்த உளறலை வைத்துக்கொள்வது, அதற்கு எதிரே எந்த மௌனத்தை வைப்பது என்று உட்கார்ந்து கேட்ட காது ஒன்று இருக்கிறது. கருவி என்னவாக இருந்தாலும் அந்தக் காது இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. ஏஐயை வைத்து ஒருவர் நாளைக்கு அப்படி ஒரு படம் எடுத்தால் நான் சந்தோஷமாகப் பார்ப்பேன். 'பெட்ரோவ் ஸ்டைல்ல ஒண்ணு குடு' என்று கேட்டு, முதலில் வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டால், அதில் இருக்கும் அலைகளைப் பற்றிக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

இந்த வாதத்துக்கு ஒரு முட்டுச்சந்தும் இருக்கிறது. அதையும் நோர்ஷ்டெயினே காட்டுகிறார். கோகோலின் 'மேலங்கி' கதையை 1981இல் படமாக்கத் தொடங்கினார். சோயுஸ்முல்ட்ஃபில்ம் ஸ்டுடியோ, வேலை மெதுவாகப் போகிறது என்று எண்பதுகளின் நடுவில் அவரை வெளியேற்றியது. அப்போது முடிந்திருந்தது சுமார் பத்து நிமிடம். அதற்கு முன்பே, 1984இல், அவருடைய 'கதைகளின் கதை' லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த வாக்கெடுப்பொன்றில் உலகின் மிகச் சிறந்த அனிமேஷன் படமாகத் தேர்வாகியிருந்தது. இருந்தும் 'மேலங்கி' நாற்பது ஆண்டு கடந்தும் முடியவில்லை. கதையின் நாயகன் அக்காக்கியும் யாரும் கவனிக்காத மேசையில் உட்கார்ந்து, எழுத்துகளை நேசித்து நேசித்து நகலெடுக்கிற குமாஸ்தா என்பதை நினைத்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

இதைத் தவம் என்று சொல்லி மாலை போட எனக்கு மனசு வரவில்லை. ஸ்டுடியோ செய்தது அநியாயம். ஆனால் ஒரு ஃப்ரேமைப் 'போதும்' என்று விடுவதும் பொறுப்பில் சேர்த்திதானே? பெட்ரோவின் கண்ணாடி அந்த விஷயத்தில் இரக்கமில்லாதது. அடுத்ததை வரைய வேண்டுமென்றால் இருப்பதை அழித்தே ஆக வேண்டும். நோர்ஷ்டெயினின் மேசையில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வந்திருக்கும் துண்டுக் காட்சிகளில் அக்காக்கியின் முகத்தைப் பார்த்தவர்கள், இது முடிந்திருந்தால் என்று ஏங்குவார்கள். அந்த ஏக்கத்தில் ஒரு நியாயமான கோபமும் கலந்திருக்கும்.

*

நண்பனின் கேள்விக்கு நேரான பதில் எனக்குக் கிடைத்தது ஃப்ரெடெரிக் பாக்கிடமிருந்துதான். ஒரு கண் போன பிறகு அவர் எடுத்த படம், 1987இல் வந்த 'மரங்களை நட்ட மனிதன்'. ழான் ஜியோனோவின் சிறுகதை. அரை மணி நேரம். மங்கலான பிளாஸ்டிக் தாள்களில் கலர் பென்சிலால் வரைந்தது. ஏறக்குறைய 20,000 ஓவியங்கள், சுமார் ஐந்து வருஷம், ஒரு உதவியாளர்.

பிரான்ஸின் தெற்கில் ஒரு வறண்ட மேட்டுநிலம். அங்கே எல்ஸேயார் புஃபியே என்ற ஆடு மேய்ப்பவர். வழிப்போக்கன் ஒருவன் அவர் வீட்டில் ஒரு ராத்திரி தங்குகிறான். சாப்பாடு முடிந்ததும் கிழவர் ஒரு பையைக் கொட்டுகிறார். ஓக் மரத்தின் கொட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். சிறியதை, லேசாகக் கீறல் விட்டதை ஒதுக்குகிறார். பத்துப் பத்தாகப் பிரிக்கிறார். குறையில்லாத நூறு கிடைத்ததும் படுக்கப் போய்விடுகிறார். மறுநாள் அவற்றை நடுகிறார். அதற்குள் ஒரு லட்சம் நட்டிருந்தார், 20,000 முளைத்திருந்தது, அதிலும் பாதி போய்விடும் என்று கணக்கு வைத்திருந்தார். ரெண்டு உலகப்போர் வந்து போகிறது. கிழவர் நட்டுக்கொண்டே இருக்கிறார்.

பல வருஷம் கழித்து ஒரு வன அதிகாரி அங்கே வருகிறார். வெளியே தீ மூட்டாதீர்கள், இந்த இயற்கைக் காட்டுக்கு ஆபத்து என்று கிழவரிடமே எச்சரிக்கிறார். தானாக ஒரு காடு முளைத்ததை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வியக்கிறார். கிழவர் திருத்தவில்லை.

அந்தக் காட்டின் நிழலில் நிற்பவருக்கு என்ன வித்தியாசம்? நிழல் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். நண்பன் கேட்டது இதைத்தான். அந்த நிமிடத்துக்கு வித்தியாசம் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். வித்தியாசம் அடுத்து என்ன செய்வோம் என்பதில் வருகிறது. காடு தானாக வளர்ந்தது என்று நம்புகிறவன், வெட்டினாலும் தானாக வளரும் என்று நம்புவான். நட்டவருக்கு ஒரு இடம் வேண்டும், நாள் வேண்டும், கஞ்சி வேண்டும் என்பது அவன் கணக்கிலேயே வராது. 'பெட்ரோவ் ஸ்டைல்' என்று ஒன்றை இன்று ஒரு மெஷினிடம் கேட்க முடிகிறதென்றால், யாரோ ஒருவர் கண்ணாடியில் விரலை வைத்து நொடிக்கு 24 தடவை முடிவெடுத்ததால்தான். அவர் இல்லாமல் அந்த வார்த்தைக்கே பொருள் இல்லை. அடுத்த தலைமுறையில் அப்படி நாலு பேர் உட்கார நாம் இடம் விடவில்லை என்றால், மெஷினிடம் கேட்பதற்குப் புதிய பெயர் எதுவும் இருக்காது. பழைய பெயர்களையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்போம்.

பார்க்கிற நமக்கு இதில் பெரிய கடமை எதுவும் இல்லை. யாரும் பார்க்காத படத்தை நான் பார்த்துவிட்டேன் என்ற பெருமையும் வேண்டாம். பலருக்குத் தெரியவில்லை என்பது ஒரு படத்தின் தகுதி ஆகாது. செய்யக்கூடியது ரொம்பச் சின்னது. 'மூடுபனியில் முள்ளெலி'யை 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டாமல் பாருங்கள். பனி எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார், பத்து நிமிடத்துக்கு அவர் பேச்சைக் கேளுங்கள். கடைசியில் முள்ளெலி கரடிக்குட்டி பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். கரடி விடாமல் பேசிக்கொண்டிருக்கும். முள்ளெலி மட்டும், அந்தக் குதிரை பனிக்குள் இப்போது எப்படி இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

முடிந்ததும் உடனே மூடிவிடாமல், பெயர்ப் பட்டியலில் ஃப்ரான்செஸ்கா யார்பூசொவா என்ற பெயரைத் தேடுங்கள். அந்த முள்ளெலியை வரைந்தவர், நோர்ஷ்டெயினின் மனைவி. இந்த மாதிரிப் படங்களில் அந்தப் பட்டியல் எப்போதும் சின்னதுதான். படித்து முடிக்க அரை நிமிடம் ஆகாது.