காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை

"அடித்து வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும் உருப்படா" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பிள்ளைகளைக் கண்டித்து வளர்ப்பது பெற்றோரின் கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கண்டிக்க வேண்டியது எது, தாங்கிக்கொள்ள வேண்டியது எது என்று பிரித்தறிவது எப்படி? சில பெற்றோருக்கு இக்கேள்வி அன்றாடச் சிலுவையாகவே அமைந்துவிடுகிறது.

குக்கர் விசில் ஒலித்தவுடன் வீறிட்டு அழும் குழந்தை; சட்டைக் கழுத்தில் தைத்த சிறு துணித்துண்டு உரசினால் சட்டையையே கழற்றி எறியும் குழந்தை; நகம் வெட்ட விடாத குழந்தை; சோற்றில் ஒரு கறிவேப்பிலை தட்டுப்பட்டாலும் குமட்டும் குழந்தை. இத்தகையோரை வளர்ப்பது எங்கும் கடினம். ஓசூர்ப் பகுதியில் இன்னும் கடினம். சிப்காட் தொழிற்பேட்டையை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கு ஏராளம். தாங்கிப் பிடிக்கத் தாத்தா பாட்டி அருகில் இல்லை. வீடுகளோ ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்பவை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்த தந்தை பகலில் உறங்க வேண்டும், குழந்தையோ அலறுகிறது. அக்கம்பக்கத்தார் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் தீர்ப்பு ஒன்றே: "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்!"

இத்தீர்ப்பு நீதியானதா? புலன்கள் கொண்டுவரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்தும் விதத்திலேயே சில குழந்தைகள் வேறுபடுகின்றனர் என்று அமெரிக்காவின் ஜீன் ஏயர்ஸ் அம்மையார் 1972-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவர் வகுத்த பயிற்சிகளின் பயனைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குழந்தையின் துன்பம் மெய்யானது என்பதில் இல்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, இக்கூருணர்வை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. எனினும் இக்கூருணர்வு உள்ள குழந்தைகள் அனைவரும் ஆட்டிசம் உடையோர் அல்லர்.

ஆட்டிசத்தோடு வளர்ந்து கால்நடை அறிவியல் பேராசிரியரான டெம்பிள் கிராண்டின், சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை ஆடையின் உள்பாவாடை தம் தோலை அறுத்ததாலேயே ஆலயத்தில் அடங்காமல் இருந்ததாக எழுதியுள்ளார். அன்று அவரைப் பார்த்தவர்கள் அடங்காப்பிள்ளை என்றே எண்ணியிருப்பார்கள்!

காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றார் தோமையார். இக்குழந்தையின் காயத்தையோ நாம் தொட்டுப் பார்க்கவே இயலாது. நமக்கு வலிக்காத ஒன்று பிறருக்கு வலிக்கிறது என்று நம்புவதே இங்கு நீதியின் முதற்படி. தன் வலிக்குச் சொல் தேடத் தெரியாத மூன்று வயதுக் குழந்தைக்கு அழுகை ஒன்றே சாட்சி.

அப்படியானால் எல்லாவற்றிற்கும் இணங்க வேண்டுமா? வேண்டுவதில்லை. மிட்டாய்க்கு அழும் குழந்தை மிட்டாய் கிடைத்ததும் அமைதியடையும். இக்குழந்தையோ ஒலி நின்ற பிறகும் நெடுநேரம் நடுங்கும். முன்னதைக் கண்டிக்கலாம், பின்னதை அணைத்துக்கொள்ளவோ, அணைப்பும் வேதனையானால் அருகில் அமைதியாக அமர்ந்திருக்கவோ வேண்டும். மிக்ஸியைப் போடுமுன் சொல்லிவிட்டுப் போடுவதும், துணித்துண்டை வெட்டி எடுப்பதும், புதிய உணவைச் சிறிது சிறிதாகப் பழக்குவதும் செல்லம் ஆகா. மருத்துவரின் ஆலோசனையும் தேவை. ஓசூரிலிருந்து எல்லை கடந்து செல்லும் சாலையிலேயே பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளது. குழந்தைகளுக்கான மனநலப் பிரிவும் அங்கு உண்டு. அதன் வாசலை மிதிப்பது அவமானமன்று.

காது கேளாத மனிதரை இயேசு கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றே குணமாக்கினார் என்கிறது மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரம். அவருக்கேற்ற அமைதியை முதலில் அளித்தார். நலம் அடுத்து வந்தது. ஒலிபெருக்கியும் வேட்டும் இன்றித் திருவிழா இல்லை என்று எண்ணும் நம் பங்குகள் இதை எண்ணிப் பார்க்கட்டும். திருப்பலியின் நடுவே காதைப் பொத்தி அழும் குழந்தையோடு ஒரு தாய் வெளியே நடக்கையில், திரும்பிப் பார்க்கும் நம் கண்களே அவளுக்கு மிகப் பெரிய இரைச்சல். கதவருகே அவளுக்கு ஓர் இடம் ஒதுக்குவோம். ஒலிபெருக்கியின் ஓசையைச் சற்றே குறைப்போம். அக்குழந்தையும் நம்மோடு செபிக்கட்டும்.