கொல்லைப்புறத்துப் பாடம்

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில், அவதூதர் ஒருவர் தமக்கு வாய்த்த 24 குருமார்களை யது மன்னனுக்கு எடுத்துரைக்கிறார். நிலம், நீர், தேனீ, மலைப்பாம்பு, புறா என நீளும் அவ்வரிசையில் கோழி இல்லை, குழந்தை உண்டு. கொல்லைப்புறத்தில் இவ்விரண்டையும் சேர்த்தே பேணும் இல்லத்தாருக்கு அந்த உபதேசம் புதிய பொருள் தரக்கூடும்.

அஸ்ஸாம் கிராமங்களில் வீட்டைச் சூழ்ந்த தோட்டத்தைப் ‘பாரி’ என்று அழைப்பர். பாக்கு மரமும் அதனைப் பற்றிப் படரும் வெற்றிலைக் கொடியும் வாழையும் கீரையும் அங்கே நெருங்கி வளரும். ஊடே கோழிகள் மேயும். சிறு குழந்தைக்கும் அத்தகைய தோட்டத்தில் பணி உண்டு: நொய்யரிசி இறைக்கலாம், தண்ணீர்ச் சட்டியை நிரப்பலாம், முட்டையை எடுத்து வரலாம். முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவுதலும் அப்பணியைச் சேர்ந்ததே. பெரியோர் இதில் சலுகை காட்டலாகாது. கோழிகள் கிளறாதபடி நாற்றுப் பாத்திக்கு வேலி கட்டவேண்டும். கோழி எச்சத்தைப் புதிதாகவே இட்டால் செடி கருகிவிடும். அது மட்கி எருவாகும்வரை சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

பொறுமைக்குப் பெருஞ்சோதனை, கோழி அடைகாக்கும் 21 நாட்கள். தாய்க்கோழி இரைக்காகச் சிறிது நேரமே எழும். முட்டைகளை அவ்வப்போது புரட்டி வைக்கும். இறுதியில் ஓட்டில் விரிசல் தோன்றும், உள்ளிருந்து கீச்சொலி கேட்கும். அதன் பின்னரும் குஞ்சு வெளிவரப் பல மணி நேரமாகும். ஓட்டை உரித்து உதவப் பிஞ்சு விரல்கள் துடிக்கும். அவசரப்பட்டால் உட்சவ்வின் இரத்த நாளங்கள் கிழிந்து குஞ்சு மாண்டுபோகலாம். அன்பு மிகுந்த கையே அடங்கியிருக்க வேண்டிய தருணம் அது.

இதைவிடக் கடினமான தருணமும் வரும். குழந்தை பள்ளியிலிருக்கும் பகற்பொழுதில் கீரி ஒன்று கோழியைக் கொன்றுவிடுகிறது. அதே நிறத்தில் வேறொரு கோழியைச் சந்தையில் வாங்கிவந்து விட்டுவிட்டால் என்ன என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. நோக்கம் கருணைதான். ஆயினும் கொண்டையின் மடிப்பையும் நடையின் சாய்வையும் நாள்தோறும் கண்ட குழந்தை ஏமாறுவதில்லை. ஏமாறினால் அதைவிடக் கேடு.

அவதூதர் கண்ட புறா, வேடன் வலையில் சிக்கிய தன் குஞ்சுகளையும் துணையையும் கண்டு தானும் அவ்வலையில் வீழ்ந்தது. பற்றின் மிகுதியால் மதியிழந்த அப்புறாவின் நிலையில் இங்கே இருப்பவர் பெற்றோரே. குழந்தையின் கண்ணீரைத் தாங்க மாட்டாமையால் அவர்கள் பொய்யை நாடுகின்றனர்.

கோழி சமையலுக்குச் செல்லும் இல்லங்களுக்கும் இது பொருந்தும். உண்பதும் விடுப்பதும் அவரவர் குலவழக்கையும் மனச்சான்றையும் பொறுத்தவை. ஆனால் குழந்தை அக்கோழிக்குப் பெயர் சூட்டுமுன்னரே பெரியோர் அதனை முடிவுசெய்து, உள்ளபடி கூறிவிட வேண்டும். “எங்கோ போய்விட்டது” என்று பின்னர் மழுப்புவது தகாது.

இறந்ததை வாழையடியில் குழி தோண்டிப் புதைக்கும்போது குழந்தை உடனிருக்கட்டும். அழுதால் அழட்டும்; தாயோ தந்தையோ அருகில் அமர்ந்திருந்தால் போதும். மறுநாள் விடியலில் எஞ்சிய கோழிகள் கூட்டினுள்ளிருந்து குரல் கொடுக்கும். கதவைத் திறந்து நொய்யரிசி இறைக்கும் பணி அன்றும் அக்குழந்தையினுடையதே.